வேலையை விடாமல் சைக்கோதெரபிஸ்ட் ஆகலாமா? லண்டனில் எந்த வழி யாருக்கு

"பகலில் வேலை, மாலையில் படிப்பு. நாலைந்து வருடத்தில் தெரபிஸ்ட் ஆகிவிடலாமா?" லண்டனில் இருக்கும் நம் ஆட்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான். கேட்பவர்கள் பெரும்பாலும் முப்பத்தைந்து, நாற்பது வயதைத் தாண்டியவர்கள். கணக்காளர், பாடசாலையில் உதவியாசிரியர், முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர், வருடக்கணக்காகக் கடை நடத்திக் களைத்தவர் என்று பலர். வீட்டுக் கடன் இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள், வேலையை விட முடியாது. ஆனால் மற்றவர்களின் கதையைக் கேட்கும் பொறுமை தங்களுக்கு இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். அதை ஒழுங்காகக் கற்றுக்கொண்டு செய்ய விரும்புகிறார்கள்.

முடியும். நானும் மாலை வகுப்பில் படித்துத்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். ஆனால் எந்தக் கற்கைநெறி என்று தெரிவு செய்யும்போது பலர் வகுப்பு நேரத்தை மட்டும் பார்க்கிறார்கள். செவ்வாய் மாலை ஆறிலிருந்து ஒன்பது, சரி, இது எனக்குத் தோதுப்படும் என்று பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். உண்மையில் வகுப்பு இந்தப் படிப்பின் சிறிய பகுதிதான். பயிற்சிக் காலத்தில் ஆட்களைச் சந்தித்துச் சேர்க்க வேண்டிய மணித்தியாலங்கள், அதற்கான சூப்பர்விஷன் (அந்தச் சந்திப்புகளைப் பற்றி மூத்த தெரபிஸ்ட் ஒருவரோடு கதைத்து வழிகாட்டல் பெறுவது), நீங்களே ஒரு தெரபிஸ்டிடம் போய் உட்கார வேண்டிய நேரம், இந்த மூன்றும்தான் உங்கள் கிழமையைப் பிடித்துக்கொள்ளும். வழிகளை இவற்றை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

முதலில் சட்டத்தைப் பற்றி ஒரு விடயம். பிரித்தானியாவில் 'சைக்கோதெரபிஸ்ட்', 'கவுன்சிலர்' என்ற பெயர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது. 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்', 'கவுன்சலிங் சைக்காலஜிஸ்ட்' என்று போட்டுக்கொள்ள சுகாதாரத் தொழில்களை ஒழுங்குபடுத்தும் எச்சிபிசி என்ற அமைப்பில் பதிந்திருக்க வேண்டும், மற்றதற்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதனால்தான் இணையத்தில் சில பத்துப் பவுண்டுக்கு 'டிப்ளோமா' விற்கிறார்கள். நீங்களாகவே காணொளி பார்த்து, கேள்விகளுக்கு டிக் போட்டு முடிக்கும் அந்தச் சான்றிதழை நம்பி எந்த நல்ல நிலையமும் உங்களிடம் ஒரு மனிதரை ஒப்படைக்காது. தொழிலில் மதிப்பு, நீங்கள் எந்தப் பதிவேட்டில் இருக்கிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது. பிஏசிபி, யூகேசிபி, பிரிட்டிஷ் சைக்கோஅனலிட்டிக் கவுன்சில் போன்ற கவுன்சிலர், தெரபிஸ்ட் தொழில் அமைப்புகளின் பதிவேடுகளை, நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்லும் புரொஃபெஷனல் ஸ்டாண்டர்ட்ஸ் அத்தாரிட்டி அங்கீகரிக்கிறது. 2023இல் இந்த அமைப்புகள் சேர்ந்து ஸ்கோப்எட் என்ற பொதுக் கட்டமைப்பை ஏற்றுக்கொண்டன. அது பயிற்சியின் ஆழத்தை ஏ, பி, சி என்று மூன்று நிரலாகப் பிரிக்கிறது. ஒரு படிப்பை முடித்தால் எந்த நிரலில் நிற்பேன், அங்கிருந்து அடுத்ததற்கு எப்படிப் போவது என்று சேருவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

கல்லூரிப் படிக்கட்டு

நம்மவர்களுக்கு அதிகம் கைகொடுக்கும் வழி இது. லெவல் 2, லெவல் 3, லெவல் 4 என்று ஏறுவது. உள்ளூர் வயதுவந்தோர் கல்லூரிகளில் மாலையில் நடக்கும். கோவென்ட் கார்டனுக்குப் பக்கத்தில் 1919இலிருந்து இயங்கும் சிட்டி லிட் போன்ற இடங்களிலும் கவுன்சலிங் வகுப்புகள் இருக்கின்றன. பட்டம் தேவையில்லை. லெவல் 2 கேட்கும் திறனைப் பழக்கும் தொடக்கப் படிப்பு. லெவல் 3 கோட்பாட்டைக் கொஞ்சம் சேர்க்கும். லெவல் 4 டிப்ளோமாதான் தொழிலுக்கான தகுதி, வழக்கமாக இரண்டு வருடம். எல்லாம் சேர்த்து மூன்றரை, நான்கு வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வழியில் எனக்குப் பிடித்தது, எந்தப் படியிலும் இறங்கிவிடலாம் என்பது. லெவல் 2 முடித்து, இது எனக்குச் சரிவராது என்று தெரிந்தால் சில நூறு பவுண்டும் சில மாத மாலைகளும்தான் செலவு. கற்றது வீண் போகாது. முதியோர் இல்லத்திலோ பாடசாலையிலோ வேலை செய்பவர் அடுத்த நாளே அதைப் பயன்படுத்தலாம்.

வகுப்பில் என்ன நடக்கும் என்று தெரியாமல் பலர் விரிவுரையை எதிர்பார்த்து வருகிறார்கள். பாதி நேரம் மூன்று மூன்று பேராகப் பிரிந்து உட்காருவோம். ஒருவர் தன் சொந்த வாழ்க்கையிலிருந்து உண்மையான ஒரு விடயத்தைக் கதைப்பார். நடிப்புக் கிடையாது. இன்னொருவர் கேட்பார், மூன்றாமவர் வாய் திறக்காமல் கவனித்துக் குறிப்பெடுப்பார். இருபது நிமிடம் முடிந்ததும் கவனித்தவர் சொல்லுவார்: "அவர் அம்மாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்து கொஞ்சம் நிறுத்தினார். நீங்கள் உடனே தம்பியைப் பற்றிக் கேட்டுவிட்டீர்கள்." அந்த ஒரு வசனத்தில் கற்பது பத்துப் புத்தகத்தில் கிடைக்காது. மௌனம் வந்தால் அதை நிரப்பும் பழக்கம் எல்லோரிடமும் இருக்கிறது. அதை விடுவதற்கே ஒரு வருடம் போகும்.

அதோடு சுயவளர்ச்சிக் குழு என்று ஒன்று. தலைப்பு இல்லை, தாள் இல்லை, வட்டமாக உட்கார்ந்து ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருக்க வேண்டும். ஆசிரியர் நடத்த மாட்டார். வீட்டு விடயத்தை வெளியில் சொல்லாதே என்று வளர்ந்த நமக்கு இது மிகவும் கடினம். ஆனால் தன்னைப் பற்றி ஒரு அறையில் கதைக்கத் தெரியாதவர், இன்னொருவர் முதல் தடவை வாய் திறக்கும்போது படும் பாட்டை விளங்கிக்கொள்ள முடியாது. இதைத் தவிர்க்காதீர்கள்.

கட்டணம் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். லெவல் 3க்கும் 4க்கும் பல இடங்களில் அட்வான்ஸ்ட் லேர்னர் லோன் கிடைக்கும். சம்பளம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால்தான் திருப்பிக் கட்டத் தொடங்க வேண்டும். வதிவிட நிபந்தனைகள் இருக்கின்றன, விசா நிலையைச் சொல்லிக் கல்லூரியிலேயே விசாரியுங்கள்.

அந்த 100 மணித்தியாலம்

பிஏசிபி அங்கத்துவத்துக்கு ஏற்ற படிப்பு என்றால் பகுதிநேரமாகக் குறைந்தது இரண்டு வருடம் இருக்க வேண்டும், அதற்குள் மேற்பார்வையோடு 100 மணித்தியாலம் உண்மையான ஆட்களைச் சந்தித்திருக்க வேண்டும். கேட்க லேசாக இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். பிளேஸ்மென்ட் இடத்தில், அதாவது பயிற்சிக்காக ஆட்களைச் சந்திக்க உங்களுக்கு இடம் தரும் நிலையத்தில், கிழமைக்கு மூன்று பேர் தருகிறார்கள் என்று வைப்போம். ஒருவர் வரமாட்டார். வராதவரின் மணி கணக்கில் சேராது. ஆகக் கிழமைக்கு இரண்டு, 100க்கு ஐம்பது கிழமை. ஈஸ்டர், ஓகஸ்ட் விடுமுறை, கிறிஸ்மஸ், உங்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் எல்லாம் சேர்த்தால் ஒன்றேகால் வருடம். மூன்று பேரைப் பார்க்கப் போய்வர அரை நாள், குறிப்பு எழுத ஒரு மணித்தியாலம், சூப்பர்விஷனுக்கு இன்னொரு மாலை. இதற்குச் சம்பளம் கிடையாது.

இங்கேதான் ஆட்கள் விழுகிறார்கள். வகுப்பு மாலையில் நடந்தாலும் பிளேஸ்மென்ட் மாலையில் கிடைக்கும் என்று யாரும் உறுதி தர மாட்டார்கள். பாடசாலைகள், ஜிபி நிலையங்கள், ஹொஸ்பிஸ்கள் பகலில்தான் இடம் தரும். இரவு எட்டு, ஒன்பது வரை திறந்திருக்கும் குறைந்த கட்டண கவுன்சலிங் நிலையங்கள் லண்டனில் இருக்கின்றன, சில சனிக்கிழமையும் நடத்துகின்றன. ஆனால் வேலைக்குப் போகும் எல்லா மாணவர்களும் அதே மாலை அறைக்குத்தான் வரிசையில் நிற்கிறார்கள்.

அதனால் படிப்பில் சேருவதற்கு முன்பு முதலாளியிடம் கதையுங்கள். 2024 ஏப்ரலிலிருந்து வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே நேரமாற்றம் கேட்கும் உரிமை ஊழியருக்கு இருக்கிறது. அவர்கள் மறுக்கலாம், ஆனால் காரணம் சொல்ல வேண்டும். ஐந்து நாள் வேலையை நாலரை நாளுக்குள் அடக்கி ஒரு பிற்பகலை விடுவித்துக்கொண்டவர்கள் நிம்மதியாகப் படிப்பை முடிக்கிறார்கள். அந்த ஒரு பிற்பகல் இல்லாதவர்கள் கட்டுரைகளை எல்லாம் முடித்துவிட்டு, மணித்தியாலம் சேராமல் இன்னொரு வருடம் இழுபடுகிறார்கள். எந்தக் கல்லூரி என்பதைவிட இந்தப் பிற்பகல் முக்கியம் என்று நான் அடித்துச் சொல்லுவேன்.

பல்கலைக்கழகத்தில் முதுமாணி

பட்டம் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு கதவு. 1823இல் தொழிலாளர்களுக்கான கல்விக்கூடமாகத் தொடங்கிய பேர்க்பெக், வேலை செய்பவர்களுக்கு மாலையில் கற்பிப்பதையே அடையாளமாகக் கொண்ட பல்கலைக்கழகம். சைக்கோடைனமிக் கவுன்சலிங்கில் அங்கே நீண்ட மரபு இருக்கிறது. இந்த வகைப் படிப்புகள் பெரும்பாலும் முதலில் ஒரு வருட அடிப்படைச் சான்றிதழ், பிறகு மூன்று வருட முதுமாணி என்று போகும்.

கல்லூரி டிப்ளோமாவுக்கும் இதற்கும் வித்தியாசம் வெறும் தரத்தில் மட்டும் இல்லை. கல்லூரிகளில் பெரும்பாலும் அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரொஜர்ஸ் வழிவந்த, ஆளை மையமாக வைத்த அணுகுமுறை அல்லது பல முறைகளின் கலவை. வந்தவர் சொல்வதை அவர் நிற்கும் இடத்திலிருந்து விளங்கிக்கொள்வது அதன் மூச்சு. சைக்கோடைனமிக் வழியில், சொல்லப்படாததும், சிறுவயதில் பதிந்ததும், இந்த அறையில் உங்களுக்கும் அவருக்கும் இடையில் நடப்பதும் சேர்த்து வாசிக்கப்படும். அதனால் நீங்களும் படிப்புக் காலம் முழுதும் கிழமைக்கு ஒரு தடவையாவது தெரபிக்குப் போக வேண்டும். லெவல் 4 டிப்ளோமாக்களில் இந்த எதிர்பார்ப்பு பொதுவாக மிகக் குறைவு.

நான் கேட்பவர்களுக்குச் சொல்வது இதுதான்: நிறைய வாசிக்கவும் ஒரு வசனத்தை நாள் கணக்கில் யோசிக்கவும் பிடித்தவர் இங்கே மலர்வார். கட்டுரை எழுதப் பயப்படுகிறவர், ஆனால் ஆட்களோடு இருக்கும்போது இயல்பாக இருப்பவர், கல்லூரிப் படிக்கட்டில் ஏறட்டும். இரண்டிலிருந்தும் நல்ல தெரபிஸ்டுகள் வருகிறார்கள்.

இங்கிலாந்தில் முதுமாணிக் கடன் 12,000 பவுண்டுக்கு மேல் கிடைக்கும். வருட வருமானம் 21,000 பவுண்டைத் தாண்டிய தொகையில் 6 சதவீதம் கழியும். ஏற்கெனவே சம்பளத்தில் இருப்பவருக்குப் படிப்பு முடிந்த பிறகு வரும் ஏப்ரலிலிருந்தே அது கழியத் தொடங்கலாம், ஆகவே மாதக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஏற்கெனவே முதுமாணி முடித்திருந்தால், அது ஊரில் முடித்ததாக இருந்தாலும், பொதுவாக இந்தக் கடன் கிடைக்காது. இதை அறியாமல் விண்ணப்பித்து ஏமாந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

யூகேசிபி: நாலு வருடமும் மறைந்திருக்கும் செலவும்

'சைக்கோதெரபிஸ்ட்' என்று பதிவு பெற வேண்டும் என்பதில் உறுதியாக இருப்பவர்களுக்கான வழி இது. முதுமாணித் தரம், வழக்கமாக நாலு வருடம். வார இறுதிகளிலும் மாலைகளிலும் நடத்தும் நிலையங்கள் லண்டனில் இருக்கின்றன. 450 மணித்தியாலம் ஆட்களைச் சந்திக்க வேண்டும். மனநல சேவை ஒன்றில் நேரடி அனுபவமும் கேட்பார்கள்.

கட்டணப் பட்டியலைப் பார்த்து, சமாளிக்கலாம் என்று நினைப்பீர்கள். பட்டியலில் இல்லாததைக் கூட்டுங்கள். உங்கள் சொந்தத் தெரபிக்கு ஒரு தடவைக்கு 60 பவுண்டு, வருடத்துக்கு 40 கிழமை என்று எடுத்தால் 2,400. நாலு வருடத்தில் 9,600. சூப்பர்விஷன் கட்டணத்தில் அடங்காவிட்டால் அது தனி. காப்புறுதி, பயணம், பகல் பிளேஸ்மென்ட்டுக்காக இழக்கும் சம்பளம் இன்னும் தனி. படிப்புக் கட்டணம் அளவுக்கு இவையும் வந்துவிடும்.

இது பெறுமதியான பயிற்சி, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நீண்டகாலக் காயங்களோடு வருபவர்களிடம் வருடக்கணக்கில் வேலை செய்ய விரும்புகிறவருக்கு இந்த ஆழம் வேண்டும். ஆனால் முதல் அடியாக இதை எடுக்க வேண்டாம் என்பேன். டிப்ளோமா முடித்து, ஒன்றிரண்டு வருடம் ஆட்களைப் பார்த்து, எந்த முறை உங்கள் இயல்புக்குப் பொருந்துகிறது என்று தெரிந்த பிறகு சேர்ந்தால் பணமும் மனமும் வீணாகாது. பிஏசிபியில் இருப்பவர்களும் 450 மணித்தியாலம் சேர்த்து அங்கீகார நிலைக்கு விண்ணப்பிக்கலாம். பலருக்கு அதுவே போதும்.

ஃபிராய்ட் வழிவந்த சைக்கோஅனலிஸ்ட் ஆகும் பயிற்சியிலும் கருத்தரங்குகள் மாலையில்தான் நடக்கும். ஆனால் நீங்கள் கிழமைக்கு நாலைந்து தடவை சொந்த அனலிசிஸுக்குப் போக வேண்டும், பயிற்சியில் வருபவரையும் அதே அளவு சந்திக்க வேண்டும். ஒன்பதுக்குத் தொடங்கி ஐந்துக்கு முடியும் வேலையோடு இது ஒத்துவராது.

சம்பளத்தோடு படிக்கும் வழி

மாலை வகுப்பு இல்லை, ஆனாலும் இதை ஒப்பீட்டில் சேர்க்காமல் விட்டால் நியாயமாகாது. என்எச்எஸ் டோக்கிங் தெரபிஸ் சேவை 2008இல் ஐயாப்ட் என்ற பெயரில் தொடங்கியது. அங்கே பயிற்சியாளராக எடுத்தால் சம்பளம் தந்தே படிக்க வைப்பார்கள். லேசான மனச்சோர்வு, பதட்டம் உள்ளவர்களுக்கு உதவும் தொடக்க நிலை வேலையான பிடபிள்யூபி பயிற்சிக்கு பேண்ட் 4 (என்எச்எஸ் சம்பளப் படிநிலை) சம்பளம், முடித்ததும் பேண்ட் 5. சிபிடி, அதாவது எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் தெரபி, அதற்கான தெரபிஸ்ட் பயிற்சி பேண்ட் 6இல் தொடங்கி பேண்ட் 7க்குப் போகும். சிபிடி பயிற்சி சுமார் ஒரு வருடம், கிழமையில் சில நாள் பல்கலைக்கழகம், மற்ற நாள் சேவையில் வேலை.

மனநலத் தாதி, சமூகப் பணியாளர், ஒக்குபேஷனல் தெரபிஸ்ட் என்று வேலை செய்யும் நம் ஆட்கள் பலர் மாலை டிப்ளோமாவைத் தேடுகிறார்கள். உங்கள் தொழில் சிபிடி பயிற்சிக்கு ஏற்கெனவே ஏற்றுக்கொள்ளப்பட்ட அடிப்படைத் தகுதி. சொந்தப் பணத்தைக் கொட்டுவதற்கு முன்பு இந்த வேலை விளம்பரங்களைப் பாருங்கள். போட்டி கடுமைதான். கிடைத்தால் கடன் இல்லாமல் முடிப்பீர்கள்.

குறையும் உண்டு. பிடபிள்யூபி வேலை பெரும்பாலும் தொலைபேசியில், அரை மணித்தியாலம், நாளொன்றுக்குப் பலர், ஒவ்வொரு தடவையும் கேள்வித்தாள். ஒருவரோடு ஆற அமர இருந்து வேலை செய்ய ஆசைப்பட்டு வந்தவர் அங்கே வாடிப்போவார். இன்னொன்றையும் மறக்க வேண்டாம்: மாலை வகுப்பில் படித்து பிஏசிபி அங்கீகாரம் பெற்ற கவுன்சிலர், மனச்சோர்வுக்கான கவுன்சலிங் பயிற்சியைக் கூடுதலாக எடுத்து இதே என்எச்எஸ் சேவைக்குள் பிறகு நுழையலாம். கதவு இரண்டு பக்கமும் திறந்துதான் இருக்கிறது.

தமிழில் வேலை செய்ய நினைப்பவருக்கு

ஹரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் இருக்கும் நம் பெரியவர்கள், மொழிபெயர்ப்பாளர் ஒருவரை நடுவில் வைத்துக்கொண்டு தங்கள் நெஞ்சிலிருப்பதைச் சொல்லப் படும் சிரமத்தைப் பார்த்தவர்களுக்குத் தமிழ் பேசும் தெரபிஸ்ட் எவ்வளவு தேவை என்று தெரியும். போரையும் தடுப்பு முகாமையும் கடந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். 1985இல் தொடங்கிய ஃப்ரீடம் ஃப்ரொம் டோர்ச்சர் போன்ற அமைப்புகளுக்கு இலங்கைத் தமிழர் பலர் வந்திருக்கிறார்கள்.

ஆனால் முதல் பிளேஸ்மென்ட்டையே தமிழர்களிடையே எடுக்காதீர்கள். நம் சமூகம் சிறியது. இன்று உங்கள் முன் அழுதவரை ஞாயிறு கோயிலில் சந்திப்பீர்கள், அவருடைய மச்சாள் உங்கள் பக்கத்து வீட்டில் இருப்பார். அந்த எல்லைகளைக் காக்கக் கொஞ்சம் அனுபவம் வேண்டும். அதோடு, "அக்கா, நீங்களே சொல்லுங்கோ, நான் அவரை விட்டிட்டுப் போறதோ இருக்கிறதோ?" என்று நேரே கேட்பார்கள். மூத்தவர் முடிவு சொல்லித்தான் நமக்குப் பழக்கம். பதில் சொன்னால் அவர் வாழ்க்கையை நீங்கள் கையில் எடுத்ததாகிவிடும். ஒன்றும் சொல்லாமல் அவர் கேள்வியையே திருப்பிக் கேட்டால், இந்த அக்காவுக்கு அக்கறை இல்லை என்று எழுந்து போய்விடுவார். இரண்டுக்கும் இடையில் நிற்பதைப் பாடப்புத்தகம் சொல்லித்தராது. நல்ல சூப்பர்வைசர் ஒருவர் பக்கத்தில் இருந்தால்தான் பழகும். தமிழ் ஆட்களோடு வேலை செய்வது நோக்கம் என்றால், பல இன மக்களோடு வேலை செய்த அனுபவம் உள்ள சூப்பர்வைசர் இருக்கிறாரா என்று படிப்பைத் தெரிவு செய்யும்போதே விசாரியுங்கள்.

சரி, இனி யாருக்கு எது என்று என் அபிப்பிராயத்தைச் சொல்லுகிறேன். பட்டம் இல்லை, மாதச் செலவு இறுக்கம், ஆனால் ஆட்களோடு பழகும் வேலையில் இருக்கிறீர்கள் என்றால் லெவல் 2இல் தொடங்குங்கள், வேறு யோசனை வேண்டாம். பட்டமும் நிலையான சம்பளமும் வாசிப்புப் பழக்கமும் இருந்தால் மாலை முதுமாணி. சுகாதாரத் துறையில் பதிவு உள்ளவர் முதலில் என்எச்எஸ் பயிற்சி இடங்களுக்கு விண்ணப்பியுங்கள், இரண்டு தடவை கிடைக்காவிட்டால் மாலை வகுப்புக்கு வாருங்கள். நாலு வருட யூகேசிபி பயிற்சி, ஏற்கெனவே இந்தத் தொழிலில் கால் வைத்தவர்களுக்கு. வீட்டில் அண்மையில் இழப்பு நடந்திருந்தால், அல்லது பிரிவின் நடுவில் இருந்தால், எந்த வழியையும் ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள். வகுப்பறையில் அந்தக் காயம் கிளறப்படும், அதைத் தாங்க வீட்டில் ஆதரவு வேண்டும்.

படிப்பு முடிந்தவுடன் முழுநேர வருமானம் வராது என்பதையும் வீட்டில் சொல்லிவையுங்கள். எனக்குத் தெரிந்த பெரும்பாலானோர் பகல் வேலையை மூன்று நாளாகக் குறைத்து, இரண்டு மாலையில் நாலைந்து பேரைப் பார்த்து, மெதுவாகத்தான் மாறினார்கள். பதிவில் இருக்கும் காலம் முழுதும் பிஏசிபி விதிப்படி ஒழுங்காகச் சூப்பர்விஷன் எடுக்க வேண்டும், அந்தச் செலவு தொடரும்.

செப்டெம்பரில் தொடங்கும் வகுப்புகளுக்கு வசந்த காலத்திலேயே நேர்முகம் தொடங்கிவிடும், நல்ல இடங்கள் ஜூனுக்குள் நிரம்பும். அறிமுக மாலைக்குப் போகும்போது ஆசிரியரிடம் மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். இரண்டாம் வருட மாணவர் ஒருவரைத் தேடிப் பிடித்து, பிளேஸ்மென்ட் கிடைக்க எத்தனை மாதம் எடுத்தது, அது எந்த நாள், எத்தனை மணிக்கு, போன வருடம் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இப்போதும் வகுப்பில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள்.